பெரிய பொண்ணா... சின்னப் பொண்ணா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வயசு? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். கேட்கிறவர் யார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பஸ் கண்டக்டர் கேட்டால் ஒரு வயசு. பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஒரு வயசு. கல்யாண வீட்டில், "அட, இதையெல்லாம் இவனே தனியாப் பண்ணுவானா?" என்று யாராவது வாயைப் பிளந்தால், அதிலும் ஒன்றைக் கழித்துக்கொண்டு இன்னொரு வயசு. அரசு பஸ்ஸில் மூன்று வயசுக்கு மேல் அரை டிக்கெட் என்று இருந்த காலத்தில், நாலு வயசுப் பையனை மடியில் மடக்கி வைத்துக்கொண்டு, "ரெண்டரைதான் சார் ஆகுது" என்று அம்மா சொல்வார். "இல்ல, நான் எல்.கே.ஜி!" என்று பஸ்ஸே அதிரும்படி பையன் முழங்குவான். எத்தனை தடவை பார்த்திருப்போம்! 2022-ல் ஐந்து வயசு வரை டிக்கெட்டே வேண்டாம் என்று அறிவித்து, தமிழ்நாட்டுத் தாய்மார்களை ஒரு பெரிய பொய்யிலிருந்து அரசாங்கம் காப்பாற்றியது.

ரயில்வே இன்னும் தெளிவு. முன்பதிவுப் பெட்டியில் ஐந்து வயசிலிருந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். ஆனால் பர்த் கிடையாது. பர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. பி.காம். படித்தவள் என்கிற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். முழுக் காசு கொடுத்தால் காலை நீட்டிக்கொள்ளலாம். பாதிக் காசு என்றால் அம்மா காலடியில் சுருண்டுக்கோ. குழப்பமே இல்லை.

குழப்பமெல்லாம் வீட்டில்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு. மூத்தவள் ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயசு. சின்னவன் நாலாம் வகுப்பு, ஒன்பது. இதில் மூத்தவளுக்கு ஒரே நாளில் ஐந்து தடவை வயசு மாறும்.

காலை ஆறரை மணி: "பெரிய பொண்ணாயிட்டே, போர்வையை மடிச்சு வைக்கத் தெரியாது?"

எட்டு மணி: "தனியா ரோடு கிராஸ் பண்ணாதே. நீ சின்னப் பொண்ணு."

சாயந்திரம் விருந்தாளிகள் வந்தால்: "பெரிய பொண்ணா லட்சணமா எல்லாருக்கும் காபி கொண்டு போய்க் கொடு."

காபி குடித்த விருந்தாளிகள் குரலைத் தாழ்த்தி யாரோ ஓடிப்போன கதையை ஆரம்பித்ததும்: "சின்னப் பசங்களுக்கு இங்கே என்ன வேலை? உள்ளே போ!"

ராத்திரி தம்பியோடு ரிமோட்டுக்கு அடிதடி: "நீதானே பெரியவ, விட்டுக் கொடுத்தா என்ன?"

கவனித்தீர்களா? வேலை என்றால் பெரியவள். வேண்டும் என்று கேட்டால் சின்னவள். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ணமாட்டார். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"அம்மா, இன்னிக்கு நான் பெரியவளா, சின்னவளா? காலையிலேயே சொல்லிட்டீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்குவேன்."

என் வீட்டுக்காரர் அந்த நிமிஷமே பேப்பரில் தங்கம் விலையை ரொம்ப ஆழமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அரசாங்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பத்து வயசு தாண்டிய பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று 2014-லேயே ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்துவிட்டது. எத்தனை ரூபாய் வரைக்கும் என்பது அந்தந்த வங்கியின் இஷ்டம். பதினாறில் கியர் இல்லாத 50 சி.சி. வண்டிக்கு லைசென்ஸ். பதினெட்டில் மற்ற வண்டிகள். ஓட்டுப் போடும் வயசு 21-லிருந்து 18-க்கு இறங்கியது 1989-ல். சினிமாவில்கூட யு/ஏ சர்ட்டிபிகேட்டுக்குள்ளேயே 7, 13, 16 என்று இப்போது மூன்று படி வைத்துவிட்டார்கள். (எங்கள் வீட்டு சென்சார் போர்டு என் மாமியார். அவருக்கு ஒரே படிதான். ஹீரோ ஹீரோயின் கையைப் பிடித்தாலே, "நியூஸ் வை!")

வீட்டில் எந்த வயசில் எது என்று எந்த கெஜட்டிலும் வராது. எல்லாம் வழக்கம்தான். எங்கள் காலத்தில் முதல் பதவி உயர்வு, பென்சிலிலிருந்து பேனாவுக்குப் போவது. அதற்கு அத்தாட்சி சட்டைப்பையில் ஒரு நீல வட்டம். அடுத்தது, தனியாகக் கடைக்குப் போவது. அதில்தான் வருமானமே இருந்தது. கால் கிலோ சர்க்கரை, ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினால் மிஞ்சுகிற எட்டணா நம்முடையது. யாரும் கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. கணக்குப் புத்தகத்தில் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி வருமே, அதுமாதிரி. அந்த எட்டணாவில் தேன்மிட்டாய் வாங்கித் தின்றபடி வீடு வந்து சேர்வதற்குள் நாம் ஒரு முழு மனுஷர் ஆகியிருப்போம்.

இப்போதைய பிள்ளைகள் இந்த விஷயத்தில் பாவம். கடைக்காரர் போன் பண்ணுகிறார், வீட்டில் உட்கார்ந்தபடியே 43 ரூபாயை நயா பைசா கூடாமல் குறையாமல் செல்போனில் அனுப்பிவிடுகிறோம். பிள்ளை வெறும் கூரியர். கமிஷன் போயே போய்விட்டது. "மீதி ஏதாவது இருந்தா வச்சுக்கோ" என்று சொல்ல, மீதி என்ற ஒன்றே இல்லை.

செல்போன் விவகாரம் தனி. அப்பாவின் பழைய செட், மூலையில் கண்ணாடி விரிசல், சிம் கிடையாது. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வாட்ஸ்அப்புக்குப் பதின்மூன்று வயசு என்று அந்தக் கம்பெனியே போட்டிருக்கிறது என்றால், "என் கிளாஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்கம்மா!" என்கிறாள். தீர விசாரித்ததில் 'எல்லாரும்' என்பது மூன்று பேர். அதில் ஒருத்தி, அவள் அம்மாவின் போனில் அம்மாவுக்குத் தெரியாமல்.

மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. மூத்தது ஒவ்வொன்றுக்கும் மாசக்கணக்கில் வாய்தா வாங்கி, வாதாடி, அழுது, சாப்பிடாமல் கிடந்து தீர்ப்பு வாங்கும். இளையது அந்தத் தீர்ப்பின் நகலோடு நேராக வந்து நிற்கும். "அக்காவுக்கு மட்டும் கொடுத்தீங்களே?" அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. மூத்தவள் வீட்டுச் சாவியைக் கையில் வாங்கியது ஆறாம் வகுப்பில். சின்னவன் மூன்றாம் வகுப்பிலேயே வாங்கிவிட்டான். இரண்டு தடவை தொலைத்தும்விட்டான்.

ஆனால் இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் உறவில் ஒரு வீடு. அங்கே பையன் எட்டாவது படிக்கும்போதே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றுவான். அப்பாவுக்குப் பெருமை தாங்காது. "பய ஒத்தைக் கையில ஓட்டுறான்!" 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சிறுவன் வண்டியில் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து என்று போட்டதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் மெட்ராஸ்லம்மா" என்றார். போகட்டும். அதே வீட்டில் பையனுக்கு அக்கா ஒருத்தி. பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் அவளுடையது. திண்ணையில் நிற்கிறது. அவள் போவது ஷேர் ஆட்டோவில், கூட நாலு பெண்களோடு. சைக்கிளின் மேல் அவர்கள் வெங்காயச் சாக்கு வைத்திருக்கிறார்கள்.

காரணம் கேட்டேன். "வயசுப் பொண்ணும்மா."

அங்கேதான் எனக்குக் கணக்கு உதைத்தது. வயசு ஏற ஏறப் பையன் கணக்கில் வரவு எழுதுகிறோம். வண்டி, சாவி, ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணி, நண்பர்களோடு கொடைக்கானல். அதே வயசு பெண்ணுக்கு வந்தால் பற்று. தெருவில் விளையாடுவது கட். தனியாகக் கடை கட். மொட்டை மாடி கட். கேஸ் அடுப்பைப் பற்ற வைப்பது ஒன்றுதான் அவளுக்கு முதலில் கிடைக்கிற சலுகை. பத்து வயசில் லைட்டரைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பையனுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கும்போதுதான்!

இதில் உச்சம், மஞ்சள் நீராட்டு விழா. மண்டபம் பிடித்து, பெண்ணின் படத்தைப் பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்து, நாற்சந்தியில் கட்டி, பெரியவளாகிவிட்டாள் என்று ஊருக்கே அறிவிக்கிறோம். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெரியவளைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லை. உலகத்தில் வேறு எந்தப் பதவி உயர்விலும் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மாலை போடுவார்களா?

எனக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. அறந்தாங்கிப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். புதுக்கோட்டை மாவட்டம் சைக்கிளுக்குப் பேர் போனது என்பது மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துப் படிப்போடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள் கொடுத்தார். கல் குவாரியில் வேலை செய்கிற பெண்களிலிருந்து அங்கன்வாடி ஊழியர்கள் வரை ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதைத்தான் விரும்பினார்களாம். எங்கள் சித்தி அப்படிக் கற்றுக்கொண்டவர்தான். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே. மணிக்கு இரண்டு ரூபாய் வாடகை சைக்கிளில் நான் ஊரைச் சுற்றிய கதையைத் தனியாக எழுதலாம்.

அது 2000-ல் ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. சடங்கு, புட்டு, உளுந்தங்களி, பட்டுப்பாவாடை எல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வாடகை சைக்கிள் கடைக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் கையை நீட்டி மறித்தார். "இனிமே எங்கே போறதுன்னாலும் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

தம்பிக்கு அப்போது பத்து வயசு. எனக்கு மெய்க்காப்பாளர்! தெருநாயைப் பார்த்தால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நான்தான் கல்லை எடுத்து நாயை விரட்டுவேன். விரட்டிவிட்டு, என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவேன். ஒரு ஐஸ் வாங்கிக் கொடுக்காவிட்டால் துணைக்கு வரமாட்டேன் என்று வேறு மிரட்டுவான். ஆக, என் பாதுகாப்புச் செலவும் என் கணக்கில்தான்.

அப்போது திட்டிக்கொண்டே நடந்தேன். இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு முடியப்போகிறது.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். சனிக்கிழமைகளில் அவளுக்குப் பெயின்டிங் கிளாஸ், காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, இரண்டு மணி நேரம் வெளியே நின்று, கூட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் அவள் மனு போட்டாள். "நான் பஸ்ல தனியாப் போறேன். எனக்கு ஃப்ரீதானே?"

அது வாஸ்தவம். 2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசாங்கம் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில்தான் இன்னும் டிக்கெட் கிடைக்கவில்லை.

வாதப் பிரதிவாதம் மூன்று வாரம் நடந்தது. என் வீட்டுக்காரர் தங்கம் விலைக்குள் ஒளியப் பார்த்தார், விடவில்லை. "காலம் கெட்டுக் கிடக்கு" என்றார். காலம் எப்போதுதான் நன்றாக இருந்தது? நான் வளர்ந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். பயம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. செய்தித்தாளைத் திறந்தால் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் பயத்துக்கான பில்லை எப்போதும் பெண்பிள்ளை பேரிலேயே போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. இன்னும் ஐந்து வருஷத்தில் காலேஜ். அப்போது திடீரென்று ஒருநாள் காலையில் எழுந்து தனியாக ஊருக்குப் போகிற தைரியம் எங்கிருந்து வரும்? போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாதிரி மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால்தானே முதிர்வுத் தொகை?

எதிர்பாராத சாட்சி என் மாமியார்.

அத்தை தன் அறுபத்திரண்டாவது வயசில்தான் முதல்முதலாகத் தனியாகப் பஸ் ஏறினார். அதற்கு முன் அப்பா, அண்ணன், புருஷன், பிள்ளை என்று யாராவது ஒருவர் முன்னால் நடக்க வேண்டும், பையிலிருந்து காசை எடுக்க வேண்டும். பஸ் இலவசம் ஆனதும், காசு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. உறைத்தபின் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை உறையூர் வெக்காளியம்மன். செவ்வாய்க்கிழமை தோழி வீடு. சில நாள் காரணமே இல்லாமல் கிளம்புவார். "சும்மா காத்தாடப் போயிட்டு வர்றேன்."

அந்த அத்தை சொன்னார்: "எந்த பஸ்ல ஏறணும், எதுல ஏறக் கூடாது, சத்திரத்துல எந்த வாசல்ல இறங்கணும், எல்லாம் நான் சொல்லித் தர்றேன். நாலு தடவை கூடப் போறேன். அஞ்சாவது தடவை புள்ள தானாப் போவும். உங்களுக்கெல்லாம் என்ன தெரியும், ஸ்கூட்டர்ல போறவங்களுக்கு!"

அப்படியே நடந்தது. அப்பாயியும் பேத்தியும் நாலு சனிக்கிழமை பயிற்சி எடுத்தார்கள். சட்டதிட்டங்கள் எழுதப்பட்டன. அரசு பஸ் மட்டும். தனியார் டவுன் பஸ்ஸில் காசும் கேட்பார்கள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு உயிரையும் கேட்பார்கள். பெண்கள் சீட்டில் உட்கார வேண்டும். யாராவது தொந்தரவு கொடுத்தால் வெட்கப்படாமல் கத்த வேண்டும். (இந்த ஒன்றை மொட்டை மாடியில் நிஜமாகவே கத்திப் பார்த்தோம். கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.) போய்ச் சேர்ந்ததும் போன். இதற்காக ஒரு பட்டன் போன். விரிசல் விழாதது.

ஐந்தாவது சனிக்கிழமை. அவள் பஸ் ஏறிய இரண்டாவது நிமிஷம் என் வீட்டுக்காரர், "எனக்கும் சத்திரம் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டியிருக்கும், போன் வந்தது.

"அம்மா, அப்பா பஸ்ஸுக்குப் பின்னாடியே வர்றாங்க. ஹெல்மெட் போடலை. போலீஸ் நிக்குதும்மா, போன் பண்ணிச் சொல்லுங்க."

இப்போது ஏழு வாரம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இருப்பதில்லை. பெயின்டிங் முன்னேறியிருக்கிறதா என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் என்ன நடந்தது என்ற கதைதான் வாரம் முழுக்க ஓடுகிறது. அத்தையும் அவளும் ரூட் நம்பர்களைப் பற்றிப் பேசிக்கொள்வது, இரண்டு டிரைவர்கள் பேசிக்கொள்வது போலிருக்கும்.

விஷயம் அறந்தாங்கிக்கு எட்டிவிட்டது. போன வாரம் அம்மா போன்.

"சரி, இப்போ போறா, போகட்டும். வயசுக்கு வந்துட்டா இந்த பஸ்ஸெல்லாம் நிறுத்திடணும், சொல்லிட்டேன்."

"நிறுத்தமாட்டேம்மா. பஸ்ஸும் நிக்காது, கிளாஸும் நிக்காது. உடம்பு முடியலைன்னா அன்னிக்கு லீவு. அதையும் அவளே சொல்லட்டும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அவளுடைய பெயின்டிங் பையில் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பர்ஸில் அதற்கான ஏற்பாட்டையும் வைத்து, எப்படி, என்ன என்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது என்றும், ஃப்ளெக்ஸ், மண்டபம் எதுவும் கிடையாது என்றும் சொன்னேன். அதுதான் அம்மாவை உலுக்கிவிட்டது.

"அடிப்பாவி, சீர் செய்யறதுக்குன்னு அஞ்சு வருஷமா சீட்டுக் கட்டிக்கிட்டு வர்றேனே! உன் தம்பி வேற தாய்மாமன் சீருக்குப் பணம் எடுத்து வச்சிருக்கான்!"

தாய்மாமன் யார் என்கிறீர்கள்? நாயைக் கண்டால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்த அதே மெய்க்காப்பாளர்தான். அவனிடம் பேசினேன். தட்டு வரிசைக்குப் பதில் நல்லதாக ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடு என்றேன். யோசித்துவிட்டு, "கியர் வச்சதா, வைக்காததாக்கா?" என்று கேட்டான். அம்மாவை அவன் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். பார்க்கலாம்.

இதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எங்கள் சின்னவன், தீர்ப்பு நகலோடு ஆஜராகிவிட்டான்.

"அக்கா மட்டும் தனியாப் போறா. நானும் செஸ் கிளாஸுக்கு பஸ்ல போறேன்."

"நீ இன்னும் சின்னப் பையன்டா" என்றார் அப்பா. பழக்கதோஷம்!

"போகலாம்டா" என்றாள் அக்கா. "ஆனா உனக்கு அரை டிக்கெட் எடுக்கணும். எனக்கு ஃப்ரீ."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"அநியாயம்ப்பா இது!"